3.5 கெல்வின் வந்தும் ஏன் ஏற்கவில்லை: நாகர்கோவில் மொட்டைமாடியில் அண்ட நுண்ணலைப் பின்புலம்

பெருவெடிப்பின் மிச்சமாக வானம் முழுவதும் பரவியிருக்கும் 2.7 கெல்வின் நுண்ணலை ஒளிர்வுதான் அண்ட நுண்ணலைப் பின்புலம். அதை அளக்க நாகர்கோவிலுக்குத் தெற்கே ஒரு மொட்டைமாடி. தகரத்தில் செய்த கூம்பு ஹார்ன் (அலையை வாங்கும் புனல்) ஒன்று, டிடிஎச் எல்.என்.பி. (டிஷ்ஷின் முன்னால் இருந்து சிக்னலைப் பெருக்கி அதிர்வெண்ணைக் குறைக்கும் பெட்டி) ஒன்று, மடிக்கணினியில் செருகிய சிறிய எஸ்.டி.ஆர். டாங்கிள் (மென்பொருளால் இயங்கும் வானொலி வாங்கி) ஒன்று. வானத்தை நான்கு சாய்வுகளில் அளந்து கோடு போட்டால், காற்றின் பங்கு போக மிஞ்சுவது 3.5 கெல்வின். இந்தப் பின்புலத்தைக் கண்டுபிடித்த பென்சியாஸும் வில்சனும் 1965இல் வெளியிட்ட எண்ணும் அதே 3.5தான். கைதட்டி முடித்துக்கொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் அந்த 3.5 தவறான கணக்கில் வந்த விடை. எங்கே தவறியது, எப்படிப் பிடிபடும், திருத்தினால் என்ன வரும் என்பதே இந்த ஆய்வு.

அளவுகளைப் பற்றி முதலிலேயே ஒன்று. இது ஒரு மாதிரி நிகழ்வு. இங்கே வரும் கெல்வின் எண்கள் இந்த ஊரின் ஈரக்காற்று, ஹார்னின் அளவு, சுற்றியுள்ள பொருள்கள் ஆகியவற்றைக் கொண்டு கணக்கிட்டு, ஒரு தசமத்துக்கு முழுமையாக்கியவை. காகிதமும் பேனாவும் இருந்தால் ஒவ்வொன்றையும் போட்டுப் பார்க்கலாம்.

எல்லாமே ஒளிர்கிறது

கரும்பொருள், அதாவது மேலே படும் அலையையெல்லாம் விழுங்கும் பொருள், என்றதும் பலருக்கும் அடுப்புக்கரி நினைவுக்கு வரும். நுண்ணலையில் அந்த நினைப்பு உதவாது. 2.8 சென்டிமீட்டர் அலைநீளத்தில், விளக்குப் புகையால் கருத்த தகரம் கண்ணாடிபோல எல்லாவற்றையும் திருப்பி அனுப்பும். பச்சைப் பசேலென்று நிற்கும் தென்னை ஓலையோ ஏறக்குறைய முழுக் கரும்பொருள். உள்ளே இருக்கும் நீர் அலையை விழுங்கிவிடும். விழுங்கும் பொருள் அதே அளவுக்கு உமிழும் என்று கிர்க்காஃப் 1859-60இலேயே காட்டிவிட்டார். அந்த ஓலை 300 கெல்வினில், அதாவது 27 டிகிரி செல்சியஸில், ஒளிர்கிறது. கான்கிரீட் தளமும், அளப்பவரின் தலையும் அப்படித்தான். நாம் தேடுவது 2.7 கெல்வின். தெருவிளக்குகளுக்கு நடுவே மின்மினியைத் தேடுகிற வேலை இது, மின்மினி எல்லாத் திசையிலும் ஒரே சீராகப் பரவியிருக்கிறது என்பதையும் சேர்த்து.

அந்தச் சீரில் ஒரு வசதியும் உண்டு. பிளாங்க் வளைகோட்டின் நீண்ட அலைநீளப் பக்கத்தில், ஒரு குறிப்பிட்ட அலைவரிசை அகலத்தில் ஆண்டெனா பெறும் ஆற்றல் = போல்ட்ஸ்மன் மாறிலி × வெப்பநிலை × அலைவரிசை அகலம். இதில் ஆண்டெனாவின் பரப்பு வரவே இல்லை. வானம் முழுவதும் ஒரே வெப்பநிலை என்றால் பெரிய டிஷ்ஷும் சின்ன ஹார்னும் ஒரே அளவைத்தான் காட்டும். பெரிய டிஷ் வைத்தால் நன்றாகக் கிடைக்கும் என்று தொடங்குபவர்கள் முதல் தவறை அங்கேயே செய்கிறார்கள். டிஷ்ஷின் விளிம்பைத் தாண்டி எல்.என்.பி. தரையையும் பார்க்கும், அந்த வழியாக மட்டும் பல கெல்வின் உள்ளே வரும்.

2.725 கெல்வின் கரும்பொருளின் உச்சம் 160 கிகாஹெர்ட்ஸில் இருக்கிறது. நாம் அளப்பதோ 10.7 கிகாஹெர்ட்ஸ், மலையின் அடிவாரம். இந்த அதிர்வெண்ணில் ஒரு ஃபோட்டானின் ஆற்றல் வெப்பநிலைக் கணக்கில் 0.51 கெல்வின். ஆகவே பிளாங்க் சமன்பாட்டை அப்படியே போட்டால் 2.73 கெல்வின் வானம் 2.48 என்ற ஆற்றலைத்தான் தரும். 0.25 குறைகிறதே என்று பதற வேண்டாம். 77 கெல்வின் பொருளும் 300 கெல்வின் பொருளும் கிட்டத்தட்ட அதே 0.25 அளவு குறைத்தே தருகின்றன. அவற்றை வைத்து அளவுகோலைக் குறித்தால் இந்த வித்தியாசம் தானே கரைந்து, 0.01 கெல்வினுக்கும் குறைவான பிழையே மிஞ்சும். 160 கிகாஹெர்ட்ஸில் இந்தச் சலுகை கிடையாது.

கருவி

ஹார்னை ஊரில் உள்ள தகர வேலைக்காரரே செய்து தருவார். அவருக்கு இது நீளமான ஒரு புனல், அவ்வளவுதான். வாய் விட்டம் 20 செ.மீ., நீளம் 60 செ.மீ., பின் துளை 1.75 செ.மீ. சி-120 ஃபிளாஞ்ச் (பொருத்தும் விளிம்பு) வைத்த எல்.என்.பி.யின் வட்டக் குழலோடு அந்தத் துளை பொருந்தும். 0.5 மி.மீ. ஜி.ஐ. தகட்டில் வெட்ட வேண்டிய வடிவம்: வெளி ஆரம் 66.5 செ.மீ., உள் ஆரம் 5.8 செ.மீ., கோணம் 54.1 டிகிரி, இணைப்புக்கு 1 செ.மீ. கூடுதல். காகித அட்டையில் முதலில் வெட்டிச் சுருட்டிப் பார்ப்பது நல்லது. கோணம் இரண்டு டிகிரி தவறினாலும் பின் துளை ஃபிளாஞ்சில் உட்காராது. இணைப்பின் மேல் உள்ளும் புறமும் அலுமினிய டேப். இப்படிச் செய்த ஹார்னின் பார்வை அகலம் சுமார் 10 டிகிரி.

சுருட்டிய தகட்டின் இணைப்பைக் கவனிக்காமல் விட்டால் இந்த மாவட்டத்தில் உப்புக்காற்று சும்மா இருக்காது. துத்தநாகப் பூச்சு உரிந்த விளிம்பில் துரு ஏறினால் அந்த வரி மின்தடையாகி, தானும் 300 கெல்வினில் ஒளிரும். அமெரிக்காவின் ஹோம்டெல்லில் பென்சியாஸும் வில்சனும் தங்கள் ஹார்னின் ரிவிட் இணைப்புகள்மேல் அலுமினிய டேப் ஒட்டியது இதே காரணத்துக்குத்தான். புறாக்களின் எச்சத்தைச் சுத்தம் செய்த கதைதான் எல்லோருக்கும் தெரியும். டேப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

எல்.என்.பி.க்கு 13 வோல்ட். அந்த வோல்ட் டாங்கிளுக்குள் போனால் டாங்கிள் அன்றோடு முடிந்தது. நடுவே ஒரு பவர் இன்செர்ட்டரும் (கேபிள் வழியே எல்.என்.பி.க்கு மின்சாரம் ஏற்றுவது), டாங்கிள் பக்கம் டி.சி. தடுப்பும் கட்டாயம். எல்.என்.பி.யின் பெருக்கம் 55 முதல் 60 டெசிபெல் இருப்பதால் சிக்னலைத் தணிக்கும் 10 டெசிபெல் அட்டெனுவேட்டர் ஒன்றும் சேரும். மென்பொருளில் தானியங்கிப் பெருக்கத்தை அணைத்துவிட்டுக் கையால் ஒரு எண்ணில் நிறுத்த வேண்டும். இதை மறந்தால், சிக்னல் குறையும்போதெல்லாம் டாங்கிள் தானே பெருக்கத்தைக் கூட்டி, எந்தத் திசையைப் பார்த்தாலும் ஒரே அளவைக் காட்டும். அண்டப் பின்புலம் எத்தனை சீரானது என்று வியந்துவிடக் கூடாது.

நுண்மை ஒரு சிக்கலே இல்லை. எல்.என்.பி.யின் சொந்த இரைச்சல் 60 கெல்வின், வானம் 12, மொத்தம் 72. 2 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 30 வினாடி சேர்த்தால் ஏற்ற இறக்கம் 72 ÷ √(20 லட்சம் × 30), அதாவது 0.01 கெல்வின். உண்மையான எதிரி பெருக்கத்தின் நகர்வு. எல்.என்.பி. சூடேறும்போது பெருக்கம் 0.02 டெசிபெல் நகர்ந்தாலே அரை சதவீதம். 72 கெல்வினில் அது மூன்றில் ஒரு கெல்வின். வெயிலில் கிடந்த எல்.என்.பி.யை மாலை ஆறு மணிக்கு எடுத்து அளக்கத் தொடங்கினால் அது குளிரக் குளிர எண் ஓடிக்கொண்டே இருக்கும். தெர்மோகோல் உறை போட்டு, மின்சாரம் கொடுத்து இரண்டு மணி நேரம் விட்ட பிறகே முதல் அளவு. அப்போதும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஹார்ன் வாயில் சூடான அளவுப்பொருளை, அதாவது கார்பன் ஏற்றிய நுண்ணலை உறிஞ்சு நுரையை, வைத்து எடுக்க வேண்டும்.

முதல் இரவு: செயற்கைக்கோள்கள்

இந்த மாவட்டத்து மாடிகளில் டிடிஎச் டிஷ்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவை வடநாட்டில் இருப்பதுபோல நிமிர்ந்து நிற்பதில்லை, மல்லாந்து கிடக்கும். புவிநிலைச் செயற்கைக்கோள்களின் வரிசை இங்கே ஏறக்குறைய தலைக்கு மேலேயே போகிறது. நாகர்கோவில் 8.2 டிகிரி வட அட்சம். கணக்குப் போட்டால் வரிசை உச்சியிலிருந்து (தலைக்கு நேர் மேலான புள்ளி) தெற்கே 9.6 டிகிரியில்தான் கடக்கிறது. சென்னையில் அது 15 டிகிரி, டெல்லியில் 33. இங்கிருந்து 74 டிகிரி கிழக்கு இடம் உச்சியிலிருந்து 10.4 டிகிரியிலும், 83 டிகிரி கிழக்கு இடம் 11.7 டிகிரியிலும் உள்ளன. இரண்டுமே இந்தியச் செயற்கைக்கோள்கள் நிற்கும் இடங்கள்.

முதல் முயற்சியில் டாங்கிள் இல்லாமல், டிஷ் பொருத்துபவர்கள் வைத்திருக்கும் சாட் ஃபைண்டர் மீட்டரை இணைத்தால் நடப்பது இது. ஹார்னை உச்சிக்கு நிறுத்தினால் ஒரு அளவு வரும். வடக்கே சாய்க்கச் சாய்க்க அளவு ஏற வேண்டும், ஏனெனில் காற்றின் தடிமன் கூடுகிறது. ஆனால் முள் இறங்கும்.

காரணம் எளிது. செயற்கைக்கோளில் உள்ள ஒளிபரப்புக் கருவியான ஒரு டிரான்ஸ்பாண்டர் 52 டெசிபெல்-வாட் திறனில் ஒளிபரப்பினால், இந்த ஹார்ன் அதை நேராகப் பார்க்கும்போது அதன் 36 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குள் சுமார் 300 கெல்வினுக்குச் சமமான ஆற்றல் வருகிறது. பத்துப் பன்னிரண்டு டிகிரி தள்ளிப் பார்த்து, பக்கப் பார்வையில் (ஹார்ன் நேர்த்திசைக்கு வெளியே மங்கலாகப் பார்ப்பது) 20 டெசிபெல் தணிந்து நூறில் ஒன்றானாலும் 3 கெல்வின். நாம் தேடும் மொத்தமே 2.7! மீட்டர் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை எல்லாவற்றையும் கூட்டிக் காட்டுவதால் வானத்தைவிட டி.வி. சேனல்களே அதிகம் அளக்கப்படுகின்றன. வடக்கே சாய்க்கும்போது அவை பார்வையிலிருந்து விலக, முள் இறங்கிவிடுகிறது.

இதற்கு மருந்து இரண்டு. ஒன்று, சாய்ப்பது எப்போதும் வடக்கே மட்டும். மேற்குத்தொடர்ச்சி மலை அந்தப் பக்கம்தான், ஆனால் இருபது கிலோமீட்டர் தள்ளி நிற்கும் ஒன்றரைக் கிலோமீட்டர் மலை நான்கரை டிகிரிக்கு மேல் எழாது. நாம் 30 டிகிரிக்குக் கீழே போகப்போவதில்லை. இரண்டு, அதிர்வெண்ணை மாற்றுவது. 10.68 முதல் 10.70 கிகாஹெர்ட்ஸ் வரை எந்த வானொலி அலையையும் பரப்பக் கூடாது என்று உலக ஒப்பந்தத்தில் வானொலி வானியலுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். எல்.என்.பி.யின் 9.75 கிகாஹெர்ட்ஸ் உள் அலையியற்றியோடு கழித்தால் டாங்கிளுக்கு வருவது 930 முதல் 950 மெகாஹெர்ட்ஸ். எல்.என்.பி.க்கு எழுதியிருக்கும் எல்லை 950 என்றாலும் அதற்குச் சற்றுக் கீழேயும் வேலை செய்யும்.

கைப்பேசிக் கோபுரம்

அங்கேதான் அடுத்த பொறி. 935 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் வரை கைப்பேசிக் கோபுரங்கள் பேசும் இடம். வானத்தில் 10.69 கிகாஹெர்ட்ஸ் அமைதியாக இருக்கிறது. அதைக் கேபிளுக்குள் இறக்கிக் கொண்டுவந்து வைக்கும் இடமோ சந்தைக்கடை. முறுக்கிப் போட்ட எஃப்-கனெக்டர் ஒன்று போதும், கோபுரத்தின் சிக்னல் நேராகக் கேபிளுக்குள் நுழைய.

கண்டுபிடிப்பது எளிது. ஹார்ன் வாயை உறிஞ்சு நுரையால் மூடினால் வானத்திலிருந்து வந்தது எல்லாம் மறைய வேண்டும். நிறமாலையில் கூர்மையான முட்கள் அப்படியே நின்றால் அவை ஹார்ன் வழியாக வரவில்லை. இரவு ஒன்பது மணிக்கு வானம் சூடாகவும் அதிகாலை இரண்டு மணிக்குக் குளிர்ச்சியாகவும் தெரிந்தால், அதுவும் பேசுகிறவர்களின் எண்ணிக்கைதான்.

அழுத்திப் பொருத்தும் கனெக்டர், நான்கு உறைக் கேபிள், மூடியுள்ள பிஸ்கட் டின்னுக்குள் டாங்கிள். பிறகு 930க்கும் 935க்கும் இடையில் முள் இல்லாத 2 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி ஒன்றைத் தேர்ந்து, கடைசி வரை அதை மாற்றாமல் வைத்திருக்க வேண்டும்.

குளிர்ந்த அளவுப்பொருள்

இந்த வேலையின் உயிர் இங்கேதான். வானம் 12 கெல்வின் என்று சொல்ல, நமக்குத் தெரிந்த இரண்டு வெப்பநிலைகள் வேண்டும். சூடானது 300 கெல்வினில் இருக்கும் உறிஞ்சு நுரை. குளிர்ந்தது திரவ நைட்ரஜனில் ஊறிய அதே நுரை, 77 கெல்வின். திரவ நைட்ரஜன் மாவட்டத்தில் புதிய பொருளல்ல. மாட்டுக்குச் சினை ஊசி போடுவதற்கான உறைவிந்துக் குச்சிகளை வைக்கும் கொள்கலன்களில் இருப்பது அதுதான். முறைப்படி வாங்கினால் 15 லிட்டர் தேவைப்படும்: 30 × 30 செ.மீ. தெர்மோகோல் பெட்டியில் 10 செ.மீ. ஆழத்துக்கு ஒன்பது லிட்டர், மீதி முதல் கொதிப்பில் போவது. திறந்த வெளியில், கண்ணாடியும் தளர்வான கையுறையும் அணிந்து ஊற்ற வேண்டும். மூடியை இறுக அடைக்கவே கூடாது. வாயு அழுத்தத்தில் வெடிக்கும்.

அளவுப்பொருளை ஹார்னின் வாய்க்கு வெளியே வைப்பதில் ஒரு பெரிய லாபம் இருக்கிறது. ஹார்ன் உலோகத்தின் இழப்பும் அதன் 300 கெல்வின் ஒளிர்வும் வானத்துக்கும் அளவுப்பொருளுக்கும் ஒரே மாதிரி சேர்வதால், கருவி இரைச்சலோடு கலந்து கழிந்துவிடும். ஹோம்டெல்லில் குளிர் அளவுப்பொருள் ஆண்டெனாவுக்குப் பின்னால் இருந்தது. அதனால் அவர்கள் ஆண்டெனா இழப்பைத் தனியாகக் கணக்கிட்டு 0.8 கெல்வின் கழிக்க வேண்டியிருந்தது.

பெட்டியை எப்படி வைப்பது? ஹார்னைக் கவிழ்த்துத் திறந்த பெட்டிக்குள் பார்க்க வைப்பது ஒரு வழி. திரவ நைட்ரஜனின் ஒளிவிலகல் எண் 1.2, அதன் பரப்பு 0.8 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும், ஹார்னுக்குள்ளிருந்து வெளிவரும் வெப்பம் திரும்பி வந்து அதிகபட்சம் 1.8 கெல்வின் கூட்டும். மேலும் கவிழ்த்தால் எல்.என்.பி.யின் நிலையும் கேபிளின் வளைவும் மாறும். ஆகவே ஹார்ன் நிமிர்ந்தபடியே இருக்க, பெட்டியை அதன் வாய்க்கு மேல் ஒரு மரச்சட்டத்தில் நிறுத்துவதே மேல். தெர்மோகோலின் அடிப்பாகம் நுண்ணலைக்கு ஜன்னல் கண்ணாடி மாதிரி.

இங்கேதான் குமரியின் ஈரம் விளையாடுகிறது. 5 செ.மீ. தெர்மோகோல் வழியாக ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 140 வாட் வெப்பம் உள்ளே போகிறது. காற்றசைவு இல்லாத இரவில் பெட்டியின் அடி, 27 டிகிரி சூழலைவிட 14 டிகிரி குறைந்து 13க்கு வந்துவிடும். பனிநிலை (காற்றின் ஈரம் நீராகப் படியும் வெப்பநிலை) 23, 24 என்று வைத்தால், சில நிமிடங்களிலேயே அடிப்பரப்பு வியர்க்கும். கையால் தடவினால் ஈரம் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஹார்னுக்குத் தெரியும். மெல்லிய நீர்ப்படலம் இந்த அலைநீளத்தில் நன்றாக உறிஞ்சி, தன் வெப்பத்தைச் சேர்க்கும்.

அந்தப் படலம் 4 கெல்வின் சேர்த்தால் என்ன ஆகும்? பெட்டி உண்மையில் 81 காட்டுகிறது, நாம் 77 என்று எழுதுகிறோம். வானம் உண்மையில் 12 என்றால் கணக்கில் வருவது 6.7. குளிர் அளவில் 1 கெல்வின் தவறினால் வானத்தில் 1.3 கெல்வின் தவறும், ஏனென்றால் 300க்கும் 77க்கும் இடையே போட்ட கோட்டை அதற்கு வெளியே 12 வரை நீட்டுகிறோம். முழத்துக்குள் அளப்பதும் முழக்கோலுக்கு அப்பால் கண்ணால் நீட்டிப் பார்ப்பதும் ஒன்றல்ல.

உச்சியில் 6.7 என்ற எண் தானாகவே தன்னைக் காட்டிக்கொடுக்கும். இந்த ஈரக்காற்றின் பங்கு மட்டுமே சுமார் 6. அதற்கு மேல் 0.7தான் இடம் என்றால் எங்கோ தவறு.

தெர்மோகோலை 10 செ.மீ. ஆக்கி, அடியில் ஒரு மேசை மின்விசிறியை ஓடவிட்டால் அடிப்பரப்பின் இறக்கம் இரண்டரை டிகிரிக்குள் அடங்கும். வியர்ப்பது விளிம்பில் நிற்கும். அதற்கும் மேலாக ஒவ்வொரு அளவுக்கும் முன்பு உலர் துணியால் ஒரு துடைப்பு. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இது எதுவும் பலிக்காது. வாடை ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரி இரவுகளே தோது.

மூன்றாவது இரவு: அந்த 3.5

இப்போது செயற்கைக்கோள் இல்லை, கோபுரம் இல்லை, பெட்டி உலர்ந்திருக்கிறது. ஹார்னை உச்சியிலிருந்து வடக்கே 0, 40, 50, 60 டிகிரி சாய்த்து அளந்தால் காற்றின் தடிமன் முறையே 1, 1.31, 1.56, 2 மடங்கு. அளவுகள்:

உச்சியில் 11.7 கெல்வின்
40 டிகிரியில் 13.8
50 டிகிரியில் 15.8
60 டிகிரியில் 19.7

காற்றின் தடிமனுக்கு எதிரே இவற்றைக் குறித்து, குறைந்த வர்க்கப் பொருத்தத்தில் (விலகல்களின் வர்க்கக் கூட்டல் மிகக் குறைவாக இருக்கும்படி) நேர்கோடு போட்டால் சரிவு 8.0, அதுவே காற்றின் பங்கு என்று எடுத்துக்கொள்கிறோம். கோட்டைத் தடிமன் சுழி வரை பின்னோக்கி நீட்டினால் வெட்டும் இடம் 3.5. காற்றே இல்லாவிட்டால் தெரியும் வானம்.

ஏற்றுக்கொள்ள ஆசைதான். ஆனால் கோட்டிலிருந்து புள்ளிகள் விலகும் அளவைப் பாருங்கள்: +0.2, −0.2, −0.2, +0.1. எண்கள் சிறியவைதான், ஆனால் ஒவ்வொரு அளவின் சிதறலும் 0.01, பெருக்க நகர்வைச் சேர்த்தாலும் 0.1. இரு முனைகள் மேலே, நடு இரண்டும் கீழே. காற்று மட்டும் காரணம் என்றால் இப்படி வளையாது. 60 டிகிரி வரை காற்றின் பங்கு ஏறக்குறைய நேர்கோடு. உள்ள சிறு வளைவும் எதிர்ப்பக்கம்தான் வளையும். ஆக, சாய்க்கச் சாய்க்க வேகமாகக் கூடும் இன்னொரு பொருள் பார்வைக்குள் வருகிறது.

அது தரையும் தென்னையும். வடக்கே 30 மீட்டர் தள்ளி, மாடித்தளத்தைவிடப் பத்து மீட்டர் உயர்ந்த தென்னந்தலை 18 டிகிரி வரை எழுகிறது. 60 டிகிரி சாய்த்த ஹார்ன் 30 டிகிரி உயரத்தைப் பார்க்கிறது. ஓலைகள் அதன் முதல் பக்கப் பார்வையில், 12 டிகிரி தள்ளி. உச்சியைப் பார்க்கும்போதும் கைப்பிடிச் சுவரும் தளமும் பின்புறமாக ஏதோ கொஞ்சம் தருகின்றன. இந்தப் பங்கை உச்சியில் 3.0, 40இல் 3.3, 50இல் 3.8, 60இல் 5.0 என்று வைத்து, காற்றுக்கு 6.0, வானத்துக்கு 2.7 போட்டுக் கூட்டிப் பாருங்கள். மேலே உள்ள நான்கு அளவுகளும் அப்படியே வரும்.

ஆக, நடந்தது இது. தரையின் 3 கெல்வின் வெட்டுப்புள்ளியைக் கூட்டியிருக்க வேண்டும். ஆனால் தரையின் பங்கு சாய்வோடு ஏறியதால் சரிவு 6இலிருந்து 8 ஆகி, வெட்டுப்புள்ளியைக் கீழே இழுத்துவிட்டது. ஒன்றைக் கூட்டி ஒன்றைக் கழித்ததில் 3.5 வந்து நின்றது. தரையின் 3ஐ நினைவுகொண்டு நேர்மையாகக் கழிப்பவருக்கு 0.5தான் கிடைக்கும்; மறந்தவருக்குச் சரியான விடை! விடைத்தாளின் கடைசி எண்ணை மட்டும் பார்த்து மதிப்பெண் போட்டால் மறந்தவர்தான் முதலிடம்.

ஹோம்டெல் கணக்கு

பென்சியாஸ், வில்சன் அளவை இந்த வெளிச்சத்தில் படிக்க வேண்டும். 4080 மெகாஹெர்ட்ஸில் உச்சி வெப்பநிலை 6.7 கெல்வின். அதில் காற்று 2.3 (± 0.3), ஆண்டெனா இழப்பு 0.8 (± 0.4), தரையிலிருந்து பின்புறமாக வருவது 0.1க்கும் குறைவு. மிச்சம் 3.5 (± 1.0). அந்த 20 அடி ஹார்ன் பிரதிபலிப்பான் தரையை ஏறக்குறைய பார்ப்பதே இல்லை, நம்முடைய 3.0 அவர்களுக்கு 0.1. குளிர் அளவுப்பொருளோ திரவ ஹீலியத்தில், 4 கெல்வினை ஒட்டி. அவர்கள் 77இலிருந்து 7க்குக் கோட்டை நீட்டவில்லை. 4க்குப் பக்கத்தில் நின்று 7ஐப் பார்த்தார்கள்.

அதே ஹோம்டெல்லில் 1961இல் பொறியாளர் எட்வர்ட் ஓம் தம் கருவியின் மொத்த இரைச்சலாக எதிர்பார்த்தது 18.9 கெல்வின், கிடைத்தது 22.2. அந்த 3.3 மிகுதி அவருடைய பிழை எல்லைக்குள் அடங்கியதால் அங்கேயே கிடந்தது. இயற்பியலாளர் டிக்கி 1946இலேயே சென்டிமீட்டர் அலைகளில் வானப் பின்புலம் 20 கெல்வினுக்குக் குறைவு என்று சொல்லியிருந்தார். பெருவெடிப்புக் கோட்பாட்டை ஆராய்ந்த ஆல்ஃபரும் ஹெர்மனும் 1948இல் 5 கெல்வின் என்று கணித்திருந்தார்கள். எண்கள் எல்லாம் மேசைமேல் இருந்தன. கணக்கேட்டின் மற்ற வரிகள் உறுதியாகவில்லை.

நாசாவின் கோப் செயற்கைக்கோளில் இருந்த ஃபிராஸ் நிறமாலைக் கருவி 1989 நவம்பரில் மேலே போய் இந்தச் சிக்கலையே ஒழித்தது. காற்று இல்லை, தரை இல்லை. கூம்பு வடிவக் கரும்பொருள் ஒன்றை வானத்தின் வெப்பநிலைக்கே கொண்டுவந்து ஹார்ன் வாயில் செருகி, வித்தியாசத்தை மட்டும் அளந்தது. இன்று நாம் எழுதும் 2.7255 அந்த வழியில் வந்த எண்.

திருத்தம்

மாடிக்குத் திரும்புவோம். தரையை மறைக்க ஹார்னைச் சுற்றி உலோகத் திரை வேண்டும். தகடு வாங்கினால் காற்று தூக்கிக்கொண்டு போகும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழி வரும் காற்றைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஜன்னலுக்கு அடிக்கும் உலோகக் கொசுவலை போதும். கண் 2.8 மி.மீ.க்குள் இருந்தால் இந்த அலைநீளத்துக்கு அது தகடுதான். நைலான் வலை உதவாது, அதற்குள் அலை அப்படியே நுழைந்துவிடும். ஒன்றரை மீட்டர் உயரம், வெளிப்பக்கம் 45 டிகிரி விரிந்த நான்கு சட்டங்கள். பக்கப் பார்வை இப்போது தரைக்குப் பதில் வலையில் பட்டு வானத்துக்குத் திரும்பும். திரையைக் கழற்றியும் மாட்டியும் உச்சியில் அளந்தால் வித்தியாசம் 2.6, ஆகவே எஞ்சும் தரைப் பங்கு சுமார் 0.4.

60 டிகிரி அளவை விட்டுவிட வேண்டும். தென்னை இல்லாத மாடியை இந்த மாவட்டத்தில் தேடுவதைவிட அந்தப் புள்ளியைத் துறப்பது சுலபம். புத்தளம் உப்பளம்போலத் திறந்த இடம் கிடைத்தால் தனி லாபம் ஒன்று உண்டு: அமைதியான உப்புநீர்ப் பரப்பு நுண்ணலையில் பாதிக்கும் மேலாகப் பிரதிபலிக்கும், அதன் ஒளிர்வு மண்ணைப்போல 300 அல்ல, 120 கெல்வின் அளவுதான். ஆனால் அங்கே ஒரே இரவில் கனெக்டர்கள் பச்சை பூத்துவிடும்.

நிலா பார்வைக்குள் இருக்கும் இரவு வேண்டாம். அது நேராக வந்தால் அரை கெல்வினுக்குச் சற்றுக் குறைவாகச் சேர்க்கும். சூரியன் என்றால் இருபது கெல்வினுக்கு மேல். ஹார்ன் வாயை ஒரு மெல்லிய பாலித்தீன் தாளால் மூடியிருந்தால், அதன்மேல் விழும் பனியைத் துடைக்காமல் அளவு எடுக்கக் கூடாது. தாள் இருந்தால் அளவுப்பொருள் வைக்கும்போதும் தாள் இருக்க வேண்டும்.

வேறோர் இரவில் திரையோடு எடுத்த அளவுகள்: உச்சியில் 9.9, 40இல் 11.9, 50இல் 13.5. சரிவு 6.5, வெட்டுப்புள்ளி 3.4. மூன்று புள்ளிகளும் கோட்டின்மேல் 0.05க்குள் உட்காருகின்றன, வளைவு போய்விட்டது. எஞ்சிய தரை 0.4ஐக் கழித்தால் 3.0.

பிழையைப் பிரித்து எழுதினால்: குளிர் பெட்டியில் 1 கெல்வின் ஐயம், அது வானத்தில் 1.3. தரையில் 0.3. கோட்டின் நீட்டலும் பெருக்க நகர்வும் சேர்ந்து 0.4. வர்க்கமாகக் கூட்டி மூலம் எடுத்தால் 1.4. விடை 3.0 ± 1.4 கெல்வின். சுழியல்ல என்று இரண்டு மடங்கு உறுதியோடு சொல்லலாம், அதற்கு மேல் கிடையாது. 3.5 என்று முதலில் வந்ததைவிட இது 2.7க்கு நெருக்கம் என்பது தற்செயல். அதைப் பெருமையாக எழுதத் தேவையில்லை.

அந்த 1.4இல் 1.3 குளிர் பெட்டியிலிருந்தே வருகிறது. வலையை இன்னும் உயர்த்துவதோ ஒரு மணி நேரம் கூடுதலாகச் சேர்ப்பதோ எதையும் குறைக்காது. அடுத்து செய்ய வேண்டியது பெட்டியின் அடியில் ஒரே சமயம் இரண்டு தடிமன், ஒரு பாதி 10 செ.மீ., மறுபாதி 15 செ.மீ. தெர்மோகோல் வைத்து, இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றி ஹார்ன் வாயில் நிறுத்துவது. வித்தியாசம் 0.3க்குள் இருந்தால் பெட்டியின் ஐயத்தைப் பாதியாக்கி எழுதலாம்; இல்லையென்றால் அடியில் இன்னும் வியர்க்கிறது.